சுப்பராயன் கேஜ் வைத்து அளந்த கண்டம்

ஆப்பிரிக்காவின் இரண்டாயிரம் மொழிகளும் வேலப்பன்சாவடியில் ஒரே மொட்டைமாடியில், ஒரே கொடிக்கயிற்றின் கீழே, லுங்கி கட்டிக்கொண்டு உட்கார்ந்து பேசியதுண்டு. நெடுஞ்சாலையில் போன லாரிகளெல்லாம் ஹாரனை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தன. சரி, லாரிகள் நிற்கவில்லை. அந்தச் சாலையில் ஆம்புலன்சுக்கே யாரும் ஒதுங்குவதில்லை. இரண்டாயிரம் என்பதும் கொஞ்சம் ஊதிய கணக்குதான். மாடியில் இருந்தது மூன்று பையன்கள், ஆளுக்கொரு மொழி, ஆக மூன்று. மூன்றை இரண்டாயிரமாக்கியதற்குக் கோபித்துக்கொள்கிறவர்கள், அதே மூன்றை ஒன்றாக்கிய மனிதரைப் பற்றி முதலில் கேட்டுவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்ளட்டும்.

அவர் பெயர் சுப்பராயன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்ஸ்பெக்டர் என்றதும் தொப்பியும் தடியும் நினைவுக்கு வர வேண்டாம். லேத்தில் கடைந்து வரும் சாமான்களை நல்லது, கெட்டது என்று பிரிக்கிற வேலை. அதற்கென்று அவரிடம் கேஜ் என்றொரு எஃகுத் துண்டு இருந்தது. அதன் ஒரு முனை துளைக்குள் நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. அப்படியிருந்தால் ஓகே. இல்லாவிட்டால் சிவப்பு பெயின்ட், ரிஜெக்ட் பெட்டி. இந்த வேலையின் அழகே அதில் யோசிக்க ஒன்றுமில்லை என்பதுதான். சுப்பராயன் அந்த அழகில் மயங்கி, ஓய்வு பெறும் வரை யோசிக்காமலே இருந்தார். ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

வீட்டிலும் கேஜ்தான். மனைவி மங்களம் வார்க்கும் தோசை தட்டின் விளிம்பைத் தொட்டால் ரிஜெக்ட். மகளைப் பெண் பார்க்க வந்த ஒரு பையன் நிலைப்படியில் குனிந்து நுழைந்தான் என்பதற்காக, உயரம் அளவு மீறிவிட்டது, ரிஜெக்ட். "நான் மட்டும் எப்படித் தப்பிச்சேன்னு கேளுங்க," என்பாள் மங்களம் அக்கம்பக்கத்தாரிடம். "கல்யாணத்தன்னைக்கு அந்த இரும்பைத் தொழிற்சாலையிலயே மறந்து வெச்சிட்டு வந்துட்டாரு."

இப்படி ஊரில் உள்ளதையெல்லாம் அளந்த மனிதருக்கு, மனசுக்குள் ஒரே ஒரு ஆசை அளவில்லாமல் கிடந்தது. ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலையில் மேடை போடுவார்கள். நாற்காலிகளை வரிசையாகப் போடுவது சுப்பராயன் வேலை. நடு நாற்காலியைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்து வைப்பார். அதில் யாராவது வந்து உட்காருவார்கள். அவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். சுப்பராயன் ஓரமாக நின்று கைதட்டுவார். வேலையிலிருந்து விடைபெற்ற அன்றாவது நடு நாற்காலி கிடைக்கும் என்று நம்பியிருந்தார். அன்றைக்குப் பார்த்து புது மேனேஜர் வந்து சேர்ந்துவிட்டார். பொன்னாடை அவருக்குப் போயிற்று. சுப்பராயனுக்குக் கிடைத்தது ஒரு சுவர்க்கடிகாரம். அதுவும் நாளுக்குக் கொஞ்சம் பின்தங்கி ஓடியது. அதை அவரால் ரிஜெக்ட் செய்யவும் முடியவில்லை. வாழ்க்கையில் ஒரு தடவை நடு நாற்காலி, தோளில் ஒரு பொன்னாடை. அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்காக ஒரு கண்டத்தையே பலி கொடுக்கவும் தயாராக இருந்தார் என்பது பிற்பாடு தெரிந்தது.

வேலப்பன்சாவடி வயலாக இருந்த காலத்தில் வாங்கிப் போட்ட மனையில் கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு கட்டியிருந்தார். செம்பரம்பாக்கம் ஏரி பட்டணத்துக்கே தண்ணீர் கொடுக்கிறது. கொஞ்ச தூரம் தள்ளியிருக்கும் சுப்பராயன் தெருவுக்கு மட்டும் உப்புக் கிணறும் லாரியும்தான். அதனால் மாடிக்குக் குடிவந்த குடும்பங்கள், தலைமுடி கொட்டத் தொடங்கியதும் காலி செய்துகொண்டு போய்விடும். பக்கத்துக் கல்லூரிகளுக்குப் படிக்க வந்த ஆப்பிரிக்கப் பையன்கள் வீடு தேடித் தெருத்தெருவாக அலைந்தார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் 'குடும்பத்துக்கு மட்டும்' என்று போர்டு மாட்டினார்கள். ஆப்பிரிக்கக் குடும்பமே வந்து நின்றால் போர்டைத் திருப்பி 'சைவக் குடும்பத்துக்கு மட்டும்' என்று மாட்டினார்கள். சுப்பராயன் மட்டும் கதவைத் திறந்தார். தமிழுக்காகத் திறந்ததாகப் பின்னாளில் மேடையில் சொன்னார். மாடி ஆறு மாதமாகப் பூட்டிக் கிடந்தது என்பதைச் சொல்லவில்லை.

வந்தவர்கள் மூன்று பேர். தான்சானியாவிலிருந்து வந்த பரகா, நெடுநெடுவென்று, சிரித்த முகம். நைஜீரியாக்காரன் சேயி, வாயாடி. எத்தியோப்பியாவின் தெஸ்ஃபாயே அதிகம் பேசமாட்டான், பேசினால் உண்மை மட்டும்தான் பேசுவான். மூவரும் ஒரே கல்லூரியில் பொறியியல்.

முதல் கோடையில் ஒரு நாள் மாடித் தொட்டி காய்ந்துவிட்டது. மோட்டார் சுவிட்ச் கீழே, சுப்பராயன் படுக்கையறையில், சாமி படத்துக்கு அடியில் இருந்தது. மூவரும் வாளியோடு வந்து நின்றார்கள்.

"அங்கிள், நோ வாட்டர்," என்றான் பரகா.

சுப்பராயன் அப்போது சும்மாதான் உட்கார்ந்திருந்தார். பொழுது போகாமல், "உங்க பாஷையில தண்ணிக்கு என்ன பேரு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"மாஜி."

சுப்பராயன் மண்டைக்குள் ஏதோ ஒன்று கச்சிதமாக நுழைந்தது. மாஜி. மஞ்சு. மஞ்சு என்றால் மேகம். மேகத்திலிருந்துதானே தண்ணீர்? ஓகே. சேயி பக்கம் திரும்பினார். அவன், "ஓமி" என்றான். பழந்தமிழில் 'அம்' என்றால் நீர் என்று எங்கோ படித்த ஞாபகம். ஓகே. தெஸ்ஃபாயே, "வுஹா" என்றான். இது கொஞ்சம் முரண்டு பிடித்தது. ஊற்று என்பதுதான் கடல் தாண்டிப் போனதில் தேய்ந்து வுஹா ஆகிவிட்டது என்று தீர்மானித்தார். தேய்மானத்துக்கு டாலரன்ஸ், அதாவது அளவில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பு, உண்டு. ஓகே.

தொழிற்சாலையில் ஒரு முடி அளவு கூடினாலும் சிவப்பு பெயின்ட் அடித்தவர், மொழி என்று வந்ததும் லாரி நுழையும் அகலத்துக்கு டாலரன்ஸ் கொடுத்தார். மோட்டார் ஓடியது. தொட்டி நிறைந்தது. ஆப்பிரிக்கா முழுவதும் பேசுவது ஒரே மொழி, அதுவும் தமிழ் என்ற மாபெரும் கண்டுபிடிப்பு, அரை குதிரைசக்தி மோட்டார் சத்தத்தில் பிறந்தது.

மறுநாள் அப்பாவுக்கு என்ன வார்த்தை என்று கேட்டார். பரகாவும் சேயியும் "பாபா" என்றார்கள். தெஸ்ஃபாயே "அப்பாத்" என்றான். சுப்பராயன் கண் கலங்கிவிட்டார். உலகத்தில் எந்தக் குழந்தை உதட்டைச் சேர்த்துத் திறந்தாலும் இந்த மாதிரி ஓசைதான் வரும், பிரெஞ்சுக் குழந்தையும் சீனக் குழந்தையும் கூட இதைத்தான் உளறும் என்று யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாம். மங்களம் சொல்லத்தான் செய்தாள்.

"பக்கத்து வீட்டு சேட்டுப் பொண்ணு கூடத்தான் பாபாங்குது. அதுவும் தமிழா?"

"உனக்கு ஆராய்ச்சி புரியாது."

"தொட்டியில தண்ணி இல்லைன்னு வந்த பசங்களை வார்த்தை சொல்லு, வார்த்தை சொல்லுன்னு நிக்க வெக்கிறதுக்குப் பேரு ஆராய்ச்சியா? எங்க ஊர்ல அதுக்கு வேற பேரு."

சுப்பராயன் கொஞ்சம் துருவிக் கேட்டிருந்தால் விஷயம் வேறு மாதிரி தெரிந்திருக்கும். தெஸ்ஃபாயேவின் அம்ஹாரிக் அரபிக்கும் எபிரேயத்துக்கும் பங்காளி முறை. அதற்குத் தனி எழுத்து உண்டு. அந்த எழுத்துகளை அவன் நோட்டில் பார்த்த சுப்பராயன், தமிழ் எழுத்துக்குக் காலும் கையும் முளைத்திருப்பதாகச் சொல்லி ஓகே செய்துவிட்டார். சேயியின் யொரூபாவில் ஒரே ஓசையை மேலே தூக்கினால் ஒரு பொருள், கீழே இறக்கினால் வேறு பொருள், நடுவில் விட்டால் மூன்றாவது பொருள். சுப்பராயன் மூன்றையும் ஒரே தட்டாகத் தட்டி எழுதிக்கொண்டார். பரகாவின் சுவாஹிலி கிழக்கு ஆப்பிரிக்கக் கரை நெடுக அரபு வியாபாரிகளோடு பழகி வளர்ந்த மொழி. இன்றைக்குப் பல நாட்டுச் சந்தைகளில் அதுதான் பேச்சு. இந்த மூன்றுக்கும் இடையிலிருக்கும் தூரத்தை விட வேலப்பன்சாவடிக்கும் லண்டனுக்கும் தூரம் குறைவு. ஆனால் கேஜ் வைத்திருப்பவருக்குத் தூரம் தெரியாது. துளை மட்டும்தான் தெரியும்.

இதில் ஒரு விசேஷம். பையன்கள் தன் முன்னால் தமிழ் பேசவே கூடாது என்று சுப்பராயன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "தமிழ் கலந்தா சாம்பிள் கெட்டுடும்" என்பது அவர் வாதம். அதனால் அவரிடம் மூவரும் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். வகுப்பிலும் ஆங்கிலம். ஆனால் கிண்டலுக்கும் சண்டைக்கும் வகுப்பு ஆங்கிலம் எப்படிப் போதும்? நாகப்பன் டீக்கடையிலும் ஷேர் ஆட்டோவிலும் பந்து விளையாடும் மைதானத்திலும் கிடைத்த தமிழைப் பொறுக்கிக்கொண்டு வந்து, மாடியில் தங்களுக்குள் தாராளமாகச் செலவழித்தார்கள். கீழே உட்கார்ந்திருக்கும் சுப்பராயன் காதில் அது விழும்போதெல்லாம், தண்ணீர் கேன் போடுகிறவன் வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்.

"மச்சான், இன்னிக்கு இன்னா வார்த்த குட்த்த?" என்று கேட்டான் பரகா ஒரு சாயங்காலம்.

"குளம்போ," என்றான் சேயி, ஈரத் துண்டைக் கொடியில் போட்டபடி. "எங்க ஊர்ல மீன் போட்டு கொதிக்க வெக்கிறது குளம்போன்னு சொன்னேன். அவுரு கண்ணுல தண்ணி வந்துச்சி. அப்பால டாங்குல தண்ணி வந்துச்சி."

"உங்க ஊர்ல அப்டி ஒரு வார்த்த கீதா?"

"எங்க ஊர்ல அப்டி ஒரு மீனே இல்ல மாமே."

தெஸ்ஃபாயே புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினான். "பொய் சொல்லிகினே போனா ஒரு நாள் மாட்டிக்குவ."

"நான் இன்னா பண்றது? நெசம் சொன்னா அர டாங்கு. பொய் சொன்னா ஃபுல் டாங்கு. நீ குளிக்கிறது எல்லாம் என் பொய்லதான், அத்த மறந்துடாத."

தெஸ்ஃபாயே தன் தலைமுடியைத் தடவிப் பார்த்துக்கொண்டு மறுபடி புத்தகத்துக்குள் போய்விட்டான்.

இப்படி ஒன்றரை வருடம் மோட்டார் ஓடியதில் ஒரு புத்தகமே திரண்டுவிட்டது. பெயர் 'கடல் தாண்டிய கன்னித்தமிழ்'. அட்டையில் ஆப்பிரிக்க வரைபடம், அதன் நடுவில் சுப்பராயன் படம். சில நாடுகள் அவர் காதுக்குப் பின்னால் மறைந்துவிட்டன.

புத்தகம் வந்ததும் பூபாலன் வந்தார். பூபாலன் குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர், பூந்தமல்லி ரோட்டில் கல்யாண மண்டபத்துக்குச் சொந்தக்காரர், அடுத்த தேர்தலில் கவுன்சிலராக நிற்க உத்தேசம். கூட்டம் கூடுகிற எந்தக் காரியமும் அவருக்கு நல்ல காரியம்தான்.

"இன்னா அண்ணாத்தே, நம்ம ஏரியாவுல இம்மாம் பெரிய ஆளு குந்திகினு கீறீங்க, ஒரு வார்த்த சொல்லல? மண்டபம் நம்மது. விழாவ வெச்சிப் பின்னிடுவோம்."

"நடு நாற்காலி..." என்று இழுத்தார் சுப்பராயன்.

"உங்களுக்குத்தான், வேற யாருக்கு? பொன்னாடை, மால, பட்டம் எல்லாம் ரெடி பண்றேன். ஆனா அந்தப் பசங்க மேடைக்கு வந்து, ஆமா, எங்க பாஷையும் உங்க பாஷையும் ஒண்ணுதான்னு காட்டணும். அப்பதான் ஜனங்க நம்பும்."

சுப்பராயனுக்கு அன்றிரவு தூக்கமில்லை. காலையில் மங்களத்திடம் திட்டத்தைச் சொன்னார். மேடையில் மூன்று பையன்களையும் தள்ளித் தள்ளி நிற்க வைப்பது. சேயி காதில் மட்டும் ஒரு சேதியைச் சொல்வது. சேயி அதைத் தன் மொழியில் தெஸ்ஃபாயேவுக்குச் சொல்வான். தெஸ்ஃபாயே தன் மொழியில் பரகாவுக்குச் சொல்வான். பரகா அந்தச் சேதிப்படி செய்வான். மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், புரியாமல் எங்கே போகும்?

"சேதி என்ன?" என்றாள் மங்களம்.

"மேசை மேல இருக்கிற பொன்னாடையை எடுத்து, நடு நாற்காலியில இருக்கிறவருக்குப் போர்த்து."

"இது ஆராய்ச்சி மாதிரி தெரியலையே, சுத்தி வளைச்சு உங்களுக்கு நீங்களே போர்த்திக்கிற மாதிரி இல்ல இருக்கு. போகட்டும். ஒரு தடவை வீட்டுலயே சொல்லிப் பாத்துடுங்களேன்."

"இன்ஸ்பெக்ஷன்னா முன்னறிவிப்பு இல்லாமதான். ஒத்திகை பாத்தா அது நாடகம்."

பையன்களிடம், விழா நல்லபடியாக முடிந்தால் படிப்பு முடியும் வரை மோட்டார் இரண்டு வேளையும் ஓடும் என்று மட்டும் சொன்னார். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. சேயி சந்தோஷமாகத் தலையாட்டினான். தெஸ்ஃபாயே ஆட்டவில்லை.

விழாவன்று சுப்பராயன் புது சஃபாரி சூட்டில் வந்தார். மண்டப வாசலில் ஃப்ளெக்ஸ் பேனர். அதில் அவர் படத்தை விட பூபாலன் படம் மூன்று மடங்கு பெரிது. அதை அவர் கவனிக்கவில்லை. மேடைக்கு ஏறியதும் பழைய பழக்கத்தில் நாற்காலிகளை நேராக்கினார். நடு நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, துடைத்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார். குடிக்கக் கோலா கொடுத்தார்கள். சஃபாரி என்பது பிரயாணத்துக்கு சுவாஹிலி சொல்லும் பெயர், அரபியிலிருந்து அங்கே வந்து, அங்கிருந்து உலகமெல்லாம் பிரயாணம் போன வார்த்தை. கோலா மேற்கு ஆப்பிரிக்கர்கள் மெல்லும் ஒரு கொட்டையின் பெயர். ஆப்பிரிக்காவை உடம்பில் உடுத்தி, ஆப்பிரிக்காவை வாயில் ஊற்றிக்கொண்டு, அவர்களுக்கு வார்த்தை தானம் செய்ததே நாம்தான் என்று நிரூபிக்க உட்கார்ந்திருந்தார் அந்த மனிதர்.

மங்களம் முன்வரிசையில் இருந்தாள். மண்டபம் நிறைந்திருந்தது. சாப்பாடு உண்டு என்று பேனரில் போட்டிருந்தார்கள்.

மைக்குக்கு வந்து சுப்பராயன் சோதனையை விளக்கினார். மூவரையும் தள்ளித் தள்ளி நிறுத்தினார். பொன்னாடையை மேசையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி விரித்து வைத்தார். சேயி காதில் சேதியை ஆங்கிலத்தில் ஓதினார். சேயி முகத்தில் சிரிப்பு அப்போதுதான் முதல் தடவையாக அணைந்தது.

"இப்போது நான் என் இருக்கைக்குத் திரும்புகிறேன்," என்று கூட்டத்துக்கு அறிவித்தார் சுப்பராயன். "சேதி மூன்று மொழிகளைக் கடந்து என்னைத் தேடி வரும்."

அந்த நேரம் பார்த்து வாசலில் தாரை தப்பட்டை முழங்கியது. தாமதமாக வந்தால்தான் தலைவர் என்று நம்புகிற பூபாலன், கும்பிட்ட கையோடு மேடையேறினார். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. தேர்தலில் நிற்க உத்தேசித்திருப்பவர் கண்ணில் காலி நாற்காலி பட்டால் என்ன ஆகும்? உட்கார்ந்துவிட்டார்.

சுப்பராயன் திரும்பிப் பார்த்தார். நடு நாற்காலியில் பூபாலன். நலச்சங்கத் தலைவரை, மண்டபத்துக்காரரை, எழுந்திரும் என்று எப்படிச் சொல்வது? நாற்காலிக்குப் பக்கத்தில் சுவர்க்கடிகாரம் மாதிரி நின்றார். அப்போதுதான் அவருக்கு விஷயம் முழுவதும் உறைத்தது. சேதி போய்ச் சேர்ந்தால் பொன்னாடை பூபாலனுக்கு. போய்ச் சேராவிட்டால் புத்தகம் குப்பைக்கு. ஒன்றரை வருட ஆராய்ச்சி தப்பாக இருக்க வேண்டும் என்று தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் கடவுளை வேண்டிக்கொண்டார்.

கடவுள் உடனே செவிசாய்த்தார். சேயி யொரூபாவில் ஏற்றி இறக்கி, பாட்டு மாதிரி சேதியைச் சொன்னான். தெஸ்ஃபாயே அவனை இமைக்காமல் பார்த்தான். கூட்டம் தெஸ்ஃபாயேவைப் பார்த்தது. அவன் உண்மை பேசுகிறவன். பரகா பக்கம் திரும்பி, அம்ஹாரிக்கில், இவன் சொன்னது எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று அமைதியாகச் சொன்னான். பரகாவுக்கு அதுவும் புரியவில்லை. பொன்னாடையைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், முன்வரிசையில் மங்களத்தைப் பார்த்தான். பின்வரிசையிலிருந்து ஒருவன் விசில் அடித்தான். பூபாலன் முகம் சுருங்கத் தொடங்கியது.

சுப்பராயனுக்குப் பாதி நிம்மதி, பாதி மானக்கேடு. எப்படியும் பொன்னாடை மேசையிலேயே கிடக்கிறது. கூட்டம் கலைந்தபின் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அப்போது பரகா, மைக் இருப்பதை மறந்து, மொட்டைமாடியில் நிற்கிறதாகவே நினைத்துக் கத்தினான்:

"இன்னா மாமே, இவன் இன்னா சொல்றான்? நீ இன்னா சொன்ன? ஒயுங்கா சொல்லு!"

"அத்த எட்றா!" என்று சேயியும் கத்தினான். "அந்தப் பொன்னாடைய எட்து, நடு சேர்ல குந்திகினு கீறாரு பாரு, அவுருக்குப் போட்டுவுடு! அப்பால சோறு!"

சேதி ஒரு நொடியில் புரிந்துவிட்டது. பரகா பொன்னாடையை உதறி எடுத்து, நான்கே எட்டில் நடு நாற்காலிக்குப் போய், பூபாலன் தோளில் பாந்தமாகப் போர்த்தினான். பிறகு ஒரு கும்பிடும் போட்டான்.

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். பூபாலன் பொன்னாடையோடு பாய்ந்து மைக்கைப் பிடித்தார். "பாத்தீங்களா என் அன்பான பொதுமக்களே! ஆப்பிரிக்காக்காரன் தமிழ் பேசுறான்! அதுவும் நம்ம ஏரியா தமிழ் பேசுறான்! இதுக்கு மேல இன்னா ஆதாரம் ஓணும்?" வாணவேடிக்கை மட்டும்தான் பாக்கி. சுப்பராயன் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள் என்பதால், பழக்கத்தில் அவரும் தட்டினார்.

வீட்டுக்கு வரும் ஆட்டோவில் மங்களம் ஒன்றே ஒன்று கேட்டாள். "இப்ப இதுக்கு ஓகேயா, ரிஜெக்ட்டா?"

சுப்பராயன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்குத் தெரியும். அவர் ஆயிரம் அபத்தம் செய்திருக்கலாம், ஆனால் கெட்ட சாமானைத் தெரிந்தே ஓகே பெட்டியில் போட்டவர் இல்லை. ஜனங்கள் கைதட்டி ஓகே செய்த அந்தச் சாமான், நாகப்பன் டீக்கடையில் கடைந்தது. அது அவர் காதுக்கு ஐயமில்லாமல் தெரிந்தது. தண்ணீர் கேன்காரன் குரல் யாருடையது என்பதும் சேர்ந்தே தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்காக மாடிப்படி ஏறினார். மூவரும் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏம்பா, ஒருத்தன் சொல்றது ஒருத்தனுக்குப் புரியாதா?" என்றார். முதல் தடவையாக அவர்களிடம் தமிழில் பேசினார்.

"புரியாது," என்றான் தெஸ்ஃபாயே.

"ஒரு வார்த்தை கூடவா?"

"ஒரு வார்த்த கூட."

"அப்ப இத்தன நாளா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீங்க வார்த்ததான் கேட்டீங்க. புரியுமான்னு கேக்கல," என்றான் தெஸ்ஃபாயே. "நீங்க தமிள் பேசாதன்னு வேற சொல்லிட்டீங்க."

"குளம்போ?" என்றார் சுப்பராயன், கடைசி நம்பிக்கையோடு, சேயியைப் பார்த்து.

சேயி தலையைக் குனிந்துகொண்டான். "சாரி ஓனரே. அன்னிக்கு தலைக்கு சோப்பு போட்டுகினு நின்னேன்."

சுப்பராயன் சுற்றிப் பார்த்தார். தொட்டி மூடி திறந்து கிடந்தது, உள்ளே தரை தெரிந்தது. காலி செய்யுங்கள் என்ற சொல் தொண்டை வரை வந்தது. அதற்குள் கீழே மோட்டார் உறுமும் சத்தம் கேட்டது. மங்களம், யாரிடமும் எந்த வார்த்தையும் கேட்காமல் சுவிட்சைப் போட்டுவிட்டாள். குழாயில் தண்ணீர் வந்து தொட்டிக்குள் விழுந்தது. அதற்கு மேல் அவர் அங்கே நின்று பயனில்லை.

ஒரு வாரம் அவர் வெளியே தலைகாட்டவில்லை. கட்டுக்கட்டாய்ப் புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் போயின. இனியாவது மனிதர் யோசிப்பார் என்று நினைத்தால், அவரைப் பற்றி இவ்வளவு நேரம் கேட்டும் தெரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். எட்டாம் நாள் நாகப்பன் டீக்கடை பெஞ்சின் நடுவில் சஃபாரி சூட்டோடு உட்கார்ந்திருந்தார். பெஞ்சு என்றாலும் நடு நடுதான்.

"இன்னா சார்," என்றார் நாகப்பன் டீயை ஆற்றியபடி, "ஆப்பிரிக்கா பூரா தமிள்தானாமே? பூபாலன் போஸ்டர் அட்ச்சிகீறாரு."

"பூபாலனுக்கு என்ன தெரியும்?" என்றார் சுப்பராயன் ஏளனமாக. "படிக்காதவங்க சொல்ற பேச்சு. ஆப்பிரிக்காவை ஒரே நாடு, ஒரே பாஷைன்னு நினைக்கிறதே பெரிய அறியாமை. நான் ரொம்ப நாளா சொல்லிட்டு வரேன். எவ்வளவு வேற்றுமை தெரியுமா அங்க? ஒருத்தன் பேசுறது ஒருத்தனுக்குப் புரியாது. நான் சோதனை பண்ணியே காட்டினேன், மேடையில, ஜனங்க முன்னாடி. அவ்வளவு தூரம் போவானேன், நம்ம வீட்டு மாடியிலயே மூணு மொழி இருக்குய்யா. மூணு!"

பெஞ்சின் ஓரத்தில் டீயில் பொறை ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்த பரகா நிமிர்ந்தான்.

"மூணு இல்ல ஓனரே, எட்டு. எங்க அம்மா பேசுறது சுகுமா, நைனா பேசுறது ஹாயா, இஸ்கூல்ல சுவாஹிலி. சேயி யொரூபா ஊட்ல பேசுவான், ஹவுஸா தெருவுல பேசுவான், பிட்ஜின் எல்லார்கிட்டயும் பேசுவான். தெஸ்ஃபாயே அவன் அம்மாவோட பேசுறது ஒரோமோ, மத்தவங்களோட அம்ஹாரிக்." பொறை டீக்குள் விழுந்துவிட்டது. அதை விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு முடித்தான். "இதுல தமிள சேக்கல."